கடையை எடுத்து வைக்க பத்தாயிரம் ரூபாய்

ரொம்ப நாளா கடைப்பக்கம் (இந்தக் கடை, பதிவுக்கடை) வரலை. ஆணி அதிகம். இன்னைக்கு வந்ததுக்குக் காரணம் கோபம். போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "நீதான் ஏற்கெனவே கடையை மூடுன ஆளாச்சே, நானும் மூடப்போறேன், ஏதாச்சும் பண்ணணுமா?"ன்னு கேட்டார். பக்கத்துலயே இன்னொருத்தர் குரல்: "ஒண்ணும் பண்ண வேணாம்யா, ரிட்டர்ன் போடாம விட்டுடு, அதுவா கேன்சல் ஆயிடும்."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் படிக்கட்டும்னுதான் இந்தப் பதிவு. அவருக்கு மட்டும் இல்லை, இந்தச் சட்டத்தை எழுதுனவங்களுக்கும் சேர்த்துதான். ரெண்டு பேர் மேலயும் எனக்கு ஒரே அளவு கடுப்பு.

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்லை, வக்கீலும் இல்லை. கையைச் சுட்டுக்கிட்டவன். தீக்காயத்தைப் பத்திப் பேச அந்தத் தகுதி போதும்னு நினைக்கிறேன்.

என் கதை, சுருக்கமா

எங்க ஊரு வேங்கிக்கால். திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்குற ஊரு. பௌர்ணமி வந்தா கிரிவலக் கூட்டம், கார்த்திகை வந்தா சொல்லவே வேணாம். 2019ல நானும் வீட்டம்மாவும் வீட்டுப் பின்கட்டுல கப் சாம்பிராணி போட ஆரம்பிச்சோம். நான் வேற வேலைக்குப் போறவன், இது சாயங்காலத் தொழில். கரித்தூள், சாம்பிராணி, ஒரு பழைய மெஷின் (யார்கிட்டயோ செகண்ட் ஹேண்ட்ல பில் இல்லாம வாங்குனது, இது பின்னாடி முக்கியம்).

கோயில் பக்கத்துக் கடைங்களுக்குப் போட்டோம். அப்புறம் ஆன்லைன்ல விக்கலாம்னு ஆசை. அங்கதான் ஜி.எஸ்.டி நம்பர் கேட்டாங்க. சாதாரணமா பொருள் விக்கிறவனுக்கு நம்ம மாநிலத்துல வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்லை. எங்க விற்பனை அதுல பத்துல ஒரு பங்குகூட கிடையாது. ஆனா அப்போ இருந்த சட்டப்படி, ஆன்லைன் தளம் வழியா ஒரே ஒரு டப்பா வித்தாலும் பதிவு கட்டாயம். (2023 அக்டோபர் 1ல இருந்துதான் மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கிற சின்ன ஆளுங்களுக்கு இதுல விலக்கு. எங்க பாதி ஆர்டர் பெங்களூர், அதனால அதுவும் எனக்கு உதவியிருக்காது.) காம்போசிஷன்ல போகலாம்னா, ஆன்லைன்ல பொருள் விக்கிறவனுக்கு அப்போ அந்தக் கதவும் சாத்தியிருந்தது. ஆக, நாலு லட்சம் விக்கிறவனும் நாலு கோடி விக்கிறவனும் ஒரே வரிசை.

கொரோனா தாண்டியும் ஓட்டினோம். அப்புறம் வீட்டம்மாவுக்கு கரித்தூள் ஒத்துக்கலை, இருமல். 2023 ஜனவரியில நிறுத்திட்டோம். இருந்த சரக்கையெல்லாம் ஒரு கடைக்கு பில் போட்டு, வரி கட்டி, குடுத்தாச்சு. எல்லா ரிட்டர்னும் போட்டாச்சு. ரெக்-16 படிவத்துல கேன்சல் பண்ணச் சொல்லி விண்ணப்பிச்சேன். பிப்ரவரி 20ஆம் தேதி ரெக்-19 ஆர்டர் வந்தது. "உங்கள் பதிவு ரத்து செய்யப்பட்டது." அப்பாடா, கதை முடிஞ்சுதுன்னு தொழிலுக்குன்னு வெச்சிருந்த சிம்மைக் கழட்டிப் போட்டேன். அந்த மெயிலைத் திறக்கறதையும் விட்டுட்டேன்.

நவம்பர்ல ஏதோ பழைய பில் தேட அந்த மெயிலைத் திறந்தா, நோட்டீஸ். இறுதி ரிட்டர்ன், அதாவது ஜி.எஸ்.டி.ஆர்-10, தாக்கல் செய்யலை. ரத்து ஆன தேதி, ஆர்டர் வந்த தேதி, இதுல எது பிந்தியதோ அதுல இருந்து மூணு மாசத்துக்குள்ள போட்டிருக்கணும். என் கெடு மே 20. தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 200 ரூபாய் (மத்திக்கு 100, மாநிலத்துக்கு 100). உச்சவரம்பு பத்தாயிரம். அம்பதாவது நாளே உச்சத்தைத் தொட்டாச்சு, ஜூலை 9லயே.

கடைசி வருஷம் அந்தத் தொழில்ல எங்களுக்கு நின்ன லாபம் பதினோராயிரத்து சொச்சம்.

அந்த ரிட்டர்ன்ல நான் என்ன எழுதினேன் தெரியுமா? பூஜ்யம். கையிருப்பு சரக்கு: பூஜ்யம். மெஷின் மேல எடுத்த உள்ளீட்டு வரி வரவு: பூஜ்யம் (பில்லே இல்லையே). கட்டவேண்டிய வரி: பூஜ்யம். தாமதக் கட்டணம்: 10,000. அதைக் கட்டாம சப்மிட் ஆகாது. கட்டினேன்.

என் தப்பு இல்லைன்னு சொல்லலை. ஆர்டரை முழுசாப் படிக்காதது என் தப்பு, மெயிலை மூடிட்டுப் போனது என் தப்பு. என் கேள்வி, தப்புக்கும் தண்டனைக்கும் உள்ள தூரம் பத்தி.

இருபது மடங்கு

இப்ப கொஞ்சம் கணக்கு பார்க்கலாம், வாங்க.

கடை ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு மாசம் வியாபாரமே இல்லை. பூஜ்ய 3பி ரிட்டர்ன் போட மறந்துட்டீங்க. 2021 ஜூன் மாசத்து ரிட்டர்ன்ல இருந்து இதுக்குத் தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 20 ரூபாய், எவ்வளவு லேட் ஆனாலும் அதிகபட்சம் 500. சரி, நியாயம்.

கடை செத்துப்போச்சு. வியாபாரம் இல்லை, இனிமேலும் இருக்காது. பூஜ்ய இறுதி ரிட்டர்ன் போட மறந்துட்டீங்க. ஒரு நாளைக்கு 200, அதிகபட்சம் 10,000.

உயிரோட இருக்கற கடையோட பூஜ்யத்துக்கு ஐந்நூறு, செத்துப்போன கடையோட பூஜ்யத்துக்கு பத்தாயிரம். இருபது மடங்கு! ரெண்டு பூஜ்யத்துக்கும் என்னங்க வித்தியாசம்? ரெண்டுலயும் அரசாங்கத்துக்கு ஒரு பைசா நட்டமில்லை.

சின்ன ஆளுக்கு சுமையைக் குறைக்கணும்னு யோசிச்சுத்தான் மாசாந்திர ரிட்டர்னுக்கு வரம்பை இறக்கினாங்க. இறுதி ரிட்டர்னுக்கு மட்டும் யாரும் யோசிக்கலை. ஏன்னா, மூடிட்டுப் போறவனுக்கு சங்கம் கிடையாது. வணிகர் சங்கத்துல கடை வெச்சிருக்கறவன்தானே உறுப்பினர்? மூடுனவன் கொடி பிடிக்க மாட்டான், கடையடைப்பு பண்ண அவன்கிட்ட கடையே இல்லை :-)

இதைவிடக் கொடுமை ஒண்ணு. காம்போசிஷன்ல இருக்கறவங்களுக்கு இந்த ஜி.எஸ்.டி.ஆர்-10 கிடையவே கிடையாது. சட்டம் 45ஆம் பிரிவு வழக்கமான ரிட்டர்ன் போடறவங்களைத்தான் கேக்குது. ஒண்ணரைக் கோடி வரைக்கும் விக்கிற காம்போசிஷன் கடைக்காரருக்கு இந்தத் தலைவலி இல்லை; ஆன்லைன்ல வித்தேங்கற ஒரே காரணத்தால அந்தத் திட்டத்துக்குள்ள வரமுடியாத கப் சாம்பிராணிக்காரனுக்கு உண்டு. ஸ்ஸப்பா.

"தள்ளுபடி குடுத்தாங்களே?"

குடுத்தாங்க. 2023 பிப்ரவரி 18ல டெல்லியில 49வது ஜி.எஸ்.டி கவுன்சில் கூட்டம். (என் ஆர்டர் வர்றதுக்கு ரெண்டே நாள் முன்னாடி!) அதுல முடிவு பண்ணி, மார்ச் 31ல அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 1ல இருந்து ஜூன் 30க்குள்ள நிலுவையில இருக்கற ஜி.எஸ்.டி.ஆர்-10ஐப் போட்டா மொத்தம் 1,000 ரூபாய்க்கு மேல தள்ளுபடி. அப்புறம் அதை ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டிச்சாங்க.

அந்த அஞ்சு மாசமும் என் மெயில் பூட்டிக் கிடந்தது. ஆகஸ்ட்ல போட்டிருந்தா ஆயிரம், நவம்பர்ல போட்டதால பத்தாயிரம். அவ்வ்வ்.

ஆனா என் அழுகையை விடுங்க. இந்தத் தள்ளுபடி எதைக் காட்டுது? இந்தப் பத்தாயிரம் அநியாயம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. ஆயிரம் போதும்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அப்படின்னா சட்டத்தையே ஆயிரம்னு திருத்தவேண்டியதுதானே? அதைச் செய்யாம, ஆடித்தள்ளுபடி மாதிரி ஒரு சீசன் திறந்து மூடறாங்க. துணிக்கடைக்காரன் ஆடித்தள்ளுபடிக்கு ஊர் பூரா போஸ்டர் ஒட்டுவான். இங்க மூடிட்டுப் போனவன் காதுல இது எப்படி விழும்? அவன்தான் போர்ட்டல் பக்கமே வரமாட்டானே!

"திருட்டுப்பசங்களைப் பிடிக்கத்தான் இந்தக் கடுமை"

இதுதான் வழக்கமா வர்ற பதில். போலி பில் கும்பல் நம்பர் வாங்குறான், சரக்கே இல்லாம பில் குடுக்குறான், கோடிக்கணக்குல வரவு எடுத்துட்டு ஓடிடறான், அதனால மூடும்போது கணக்கு கேக்கணும்.

கணக்கு கேளுங்க. வேணாம்னு யார் சொன்னா? கையிருப்பு சரக்குமேல எடுத்த வரவைத் திருப்பிக் கட்டணும்ங்கறது முழுக்க நியாயம். உதாரணத்துக்கு, 60,000 ரூபாய்க்கு மெஷின் வாங்கி, 18% வரி 10,800 கட்டி, அதை வரவா எடுத்திருக்கீங்க. மெஷினோட ஆயுசு அஞ்சு வருஷம், 60 மாசம்னு விதி. 40 மாசம் ஓட்டிட்டு மூடுறீங்க. பாக்கி 20 மாசம். 10,800ல மூணுல ஒரு பங்கு, 3,600 திருப்பிக் கட்டணும். மெஷினோட அன்னைய மதிப்பு 18,000னா அதுக்கு வரி 3,240. ரெண்டுல எது அதிகமோ அது, ஆக 3,600. தொழிலுக்காகக் கழிச்ச வரியை, தொழில் நின்ன பிறகு வெச்சுக்கக் கூடாது. ஒத்துக்கறேன்.

ஆனா தாமதக் கட்டணம் எந்தத் திருடனைப் பிடிக்குது? போலி பில் போட்டவன் ஜி.எஸ்.டி.ஆர்-10 போடுவானா? அவன் நம்பரே வேற யாரோ பேர்ல வாங்குனது. ரிட்டர்ன் போட்டாத்தான் கட்டணம் கேக்கும். போடாதவனை அது தொடாது. தானா திரும்பி வந்து கதவைத் தட்டி "ஐயா, மறந்துட்டேன், இந்தாங்க கணக்கு"ன்னு சொல்றவன்கிட்டதான் பத்தாயிரம் வசூல் ஆகுது. வலையில மாட்டுறது நெத்திலி மட்டும்தான். சுறா வலையையே எடுத்துட்டுப் போயிடுது.

அதே கணக்கை ரெண்டு தடவை கேக்குற கூத்து வேற. கையிருப்பு எவ்வளவு, அதுமேல வரி எவ்வளவுன்னு ரெக்-16லயே கேக்கறாங்க. அதைப் பார்த்துத்தான் அதிகாரி ரத்து ஆர்டர் போடறார். அப்புறம் மூணு மாசத்துக்குள்ள ஜி.எஸ்.டி.ஆர்-10ல மறுபடியும் அதே கேள்வி. முதல் பதில் மேல நம்பிக்கை இல்லைன்னா ஏன் ஆர்டர் போட்டீங்க? நம்பிக்கை இருக்குன்னா ஏன் மறுபடி கேக்கறீங்க?

இன்னொரு ஓரவஞ்சனை. மூடும்போது உங்க வரவுக் கணக்குல பணம் மிச்சம் இருந்தா? ரொக்கக் கணக்குல இருக்கறதைத் திரும்பக் கேக்கலாம். ஆனா பயன்படுத்தாத உள்ளீட்டு வரவைத் திருப்பித் தர்றதுக்கு 54(3) பிரிவு ரெண்டே காரணம்தான் சொல்லுது: ஏற்றுமதி மாதிரி பூஜ்ய வரி விற்பனை, இல்லைன்னா வாங்குற பொருளுக்கு வரி அதிகமா இருந்து விக்கிற பொருளுக்குக் கம்மியா இருக்கறது. "கடையை மூடிட்டேன்"ங்கறது அந்தப் பட்டியல்ல இல்லை. நான் அரசாங்கத்துக்குத் தரவேண்டியதுன்னா கடைசிச் சாம்பிராணி வரைக்கும் எண்ணணும். அரசாங்கம் எனக்குத் தரவேண்டியதுன்னா, பிரிவு இடம் குடுக்கலை!

வெளிநாட்டுல எப்படி?

நம்ம பதிவர்கள் பாதிப்பேர் சிங்கப்பூர்லயும் லண்டன்லயும் இருக்கீங்க, உங்களுக்கே தெரியும். சிங்கப்பூர்லயும் ஜி.எஸ்.டி பதிவை ரத்து பண்ணும்போது கையிருப்புச் சொத்துக்கு வரி உண்டு, இறுதி ரிட்டர்ன் உண்டு. ஆனா சொத்தோட சந்தை மதிப்பு 10,000 வெள்ளியைத் தாண்டினாத்தான் அந்த வரி. பிரிட்டன்ல வாட் பதிவை விடும்போது, கையிருப்பு மேல வர்ற வரி 1,000 பவுண்டைத் தாண்டலைன்னா கட்டவேண்டாம்.

அவங்க ஒண்ணும் தர்மசத்திரம் நடத்தலை. சின்னக் கடையோட கடைசி மூட்டையை எண்ணுற செலவு, அதுல கிடைக்கிற வரியைவிட அதிகம்னு கணக்குப் போட்டிருக்காங்க, அவ்வளவுதான். நம்ம சட்டத்துல அப்படி ஒரு கீழ்வரம்பே இல்லை. பத்து டப்பா மிச்சம் இருந்தாலும் அது "விற்றதாகக் கருதப்படும்".

இன்னொரு பக்கம், திறக்கறது எவ்வளவு சுலபம் பாருங்க. 2025 நவம்பர் 1ல இருந்து, பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு விக்கிறதுல மாசம் இரண்டரை லட்சத்துக்கு மேல வரி வராதுன்னு சொல்றவங்களுக்கு மூணு வேலை நாள்ல நம்பர். நல்லதுதான், கைதட்டுறேன். ஆனா உள்ளே வர்ற வாசல்ல சிவப்புக் கம்பளம், வெளியே போற வாசல்ல சுங்கச்சாவடி! தொழில் தொடங்குவது எளிதுன்னு பெருமை பேசறவங்க, நிறுத்துறது எளிதான்னு ஒருநாளாவது கேட்டிருக்காங்களா? சின்னத்தொழில் ஆரம்பிக்கிறதுல பாதி பரிசோதனைதான். தோத்தவன் பயமில்லாம வெளியே போனாத்தானே, அடுத்தது ஒண்ணை ஆரம்பிப்பான்?

இப்ப அந்தக் குரலுக்கு வர்றேன்

"ரிட்டர்ன் போடாம விட்டுடு, அதுவா கேன்சல் ஆயிடும்." ஐயா, ஆகும். மாசாந்திரம் போடறவர் தொடர்ந்து ஆறு மாசம் போடலைன்னா அதிகாரி தானா ரத்து பண்ணலாம். ஆனா அதுக்குள்ள என்னென்ன நடக்கும்?

ஒண்ணு, போடாத ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் தாமதக் கட்டணம் தனித்தனியா ஏறும். ரெண்டு, நீங்க போடலைன்னா அதிகாரியே "இவ்வளவு வரி இருக்கும்"னு 62ஆம் பிரிவுப்படி தன் மதிப்பீட்டுக்கு ஒரு தொகை போடலாம். நீங்க மூடிட்டீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும், சாம்பிராணி வாசனை வரலைன்னா? மூணு, ரத்து ஆனாலும் பழைய பாக்கி செத்துப்போகாது. 29(3) தெளிவாச் சொல்லுது. நாலு, அப்படி ரத்து ஆனாலும் ஜி.எஸ்.டி.ஆர்-10 போட்டே ஆகணும். தப்பிக்கவே முடியாது.

அஞ்சு, இதுதான் பெரிய ஆப்பு. நாளைக்கு வேற தொழில் ஆரம்பிச்சு அதே பான் நம்பர்ல புதுப் பதிவு கேட்டா, பழைய ரத்து ஏன் ஆச்சுன்னு பார்ப்பாங்க. ரிட்டர்ன் போடாததால ரத்து ஆனவங்க, பழைய பாக்கியைத் தீர்க்காம புது நம்பர் வாங்க வந்தா கவனிச்சு நிராகரிக்கலாம்னு 2019 மார்ச் 28லயே சுற்றறிக்கை இருக்கு.

அப்படி மாட்டுனவங்க கதை சென்னை உயர் நீதிமன்றத்துலயே இருக்கு. சுகுணா கட்பீஸ் சென்டர்னு ஒரு கடை. அதுவும் அது மாதிரி இன்னும் பல சின்ன வியாபாரிகளும் போட்ட வழக்குகள். ரிட்டர்ன் போடலை, பதிவு ரத்து, மேல்முறையீட்டுக் கெடுவும் போச்சு. 2022 ஜனவரி 31ல நீதிபதி சி.சரவணன் தீர்ப்பு: பழைய ரிட்டர்ன் எல்லாம் போட்டு, வரி, வட்டி, கட்டணம் எல்லாம் கட்டிட்டு, பதிவை மீட்டுக்கலாம். அவர் சொன்ன காரணத்தை என் பாஷையில சொன்னா: இவங்களை வெளியே தள்ளி வெச்சு யாருக்கு என்ன லாபம்? எப்படியும் வியாபாரம் பண்ணத்தான் போறாங்க, வரிதான் வராமப் போகும். சாமானியனைப் புரிஞ்சுக்கிட்ட தீர்ப்பு. அதுக்கப்புறம் இதையே மேற்கோள் காட்டி எத்தனையோ பேர் பதிவை மீட்டாங்க.

ஆனா யோசிங்க. உள்ளே இருக்கணும்னு நினைச்சவங்க வெளியே தள்ளப்பட்டு, கோர்ட்டு வரைக்கும் போய் உள்ளே வந்தாங்க. வெளியே போகணும்னு நினைக்கிற நாமளோ, போறதுக்குக் காசு குடுக்கறோம். ஒரே கதவு, ரெண்டு பக்கமும் பூட்டு!

நம்ம பக்கத்துத் தப்பு

சட்டத்தைத் திட்டியாச்சு. நம்மளையும் கொஞ்சம் திட்டிக்கலாம்.

நம்ம ஊர்ல கடைக்காரங்க ராத்திரி "கடையை மூடுறேன்"னு சொல்லமாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா? "எடுத்து வைக்கிறேன்"னுதான் சொல்வாங்க. விளக்கைக்கூட அணைக்கமாட்டாங்க, குளிர வைப்பாங்க. மூடுறதுங்கற வார்த்தையே அமங்கலம். ஆரம்பிக்க நல்ல நாள் பார்ப்போம், கணபதி ஹோமம் பண்ணுவோம், சொந்தக்காரன் எல்லாருக்கும் ஸ்வீட் குடுப்போம். நிறுத்தும்போது? சத்தமில்லாம. யார்கிட்டயும் சொல்றதில்லை. "கடையை மூடிட்டான்"னா அது வசவு. அந்தக் கூச்சத்துல ஆடிட்டர்கிட்டகூட சொல்றதில்லை, கேட்டா "இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கேன்"னு சொல்லுவோம். நானும் அப்படித்தான் ஆறு மாசம் சொல்லிக்கிட்டிருந்தேன்.

இந்தக் கூச்சத்துக்குத்தான் நாம பத்தாயிரம் கட்டறோம். நிறுத்தறது அவமானம் இல்லைங்க. இருமுற பொண்டாட்டியை கரித்தூள்ல உக்கார வெச்சு தொழில் நடத்துறதுதான் அவமானம்.

அதனால, நிறுத்தப்போறவங்களுக்கு என் அனுபவத்துல இருந்து சில வரிகள்:

1. நிறுத்தினதும் 30 நாளுக்குள்ள ரெக்-16 போடுங்க. அதுக்கு முன்னாடி பழைய ரிட்டர்ன் பாக்கி இல்லாம பார்த்துக்குங்க. விண்ணப்பிச்சதும் பதிவு நிறுத்தி வைக்கப்படும், அந்தக் காலத்துக்கு ரிட்டர்ன் வேண்டாம்.

2. ரெக்-19 ஆர்டர் வந்த அன்னைக்கே காலண்டர்ல மூணு மாசக் கெடுவை வட்டம் போடுங்க. போடறதுன்னா அந்த வாரமே ஜி.எஸ்.டி.ஆர்-10 போட்டுடுங்க. ஒருதடவை போட்டா திருத்த முடியாது, அதனால நிதானமா.

3. சரக்கோட பில் கிடைக்கலைன்னா சந்தை மதிப்பை வெச்சுக் கணக்குப் போடலாம். ஆனா அதுக்கு ஆடிட்டர் சான்று வேணும்.

4. சிம்மையும் மெயிலையும் மூடாதீங்க. இதை நூறு தடவை இம்போசிஷன் எழுதுங்க. ரொக்கக் கணக்குல இருக்கற பணம் திரும்ப வர்ற வரைக்கும் கரண்ட் அக்கவுண்ட்டையும் மூடாதீங்க.

5. வருமான வரி தனிக்கதை. நான் நிறுத்துன சமயத்துல இருந்த 1961 சட்டத்துல 176(3)னு ஒரு பிரிவு: தொழிலை நிறுத்தினா 15 நாளுக்குள்ள வரி அதிகாரிக்குத் தெரிவிக்கணும். தெரிவிக்கலைன்னா 2022ல இருந்து நாளுக்கு 500 ரூபாய் வரைக்கும் அபராதம் போட இடம் இருந்தது. நான் விசாரிச்ச எட்டு பேர்ல ஒருத்தர்கூட அதைக் கேள்விப்பட்டதில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2025ல புதுச் சட்டம் போட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் அமல்னு வெச்சிருக்காங்க. நிறுத்துற வருஷம் எந்தச் சட்டத்துல வருதுன்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்குங்க.

6. சம்பளக்காரங்க கவனிக்க: பக்கத்தொழில் நட்டத்தை சம்பளத்துல கழிக்க முடியாது. எட்டு வருஷம் வரைக்கும் வேற தொழில் லாபத்துல கழிக்கலாம், ஆனா ரிட்டர்னை கெடுவுக்குள்ள போட்டிருந்தாத்தான்.

7. தொழில்வரி வசூலிக்கிற உள்ளாட்சிக்கு ஒரு கடிதம் எழுதி, நகல்ல சீல் வாங்கி வைங்க. உத்யம் பதிவையும் ரத்து பண்ணுங்க.

8. கணக்குப் புத்தகம், பில் எல்லாம் பரண்ல போடுங்க, பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீங்க. ஜி.எஸ்.டிக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடுவுல இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும்.

பார்த்தீங்களா? 15 நாள், 30 நாள், மூணு மாசம், 72 மாசம். ஒரே சாவுக்கு நாலு இடத்துல இறப்புச் சான்று.

கேக்கறது மூணே மூணு

ஒண்ணு: பூஜ்ய ஜி.எஸ்.டி.ஆர்-10க்கு பூஜ்ய 3பிக்கு இருக்கற அதே 500 ரூபாய் வரம்பு. தள்ளுபடி சீசன் வேண்டாம், நிரந்தரமா. ரெண்டு: ரெக்-16லயும் ஜி.எஸ்.டி.ஆர்-10லயும் கேக்குறதை ஒரே படிவத்துல கேளுங்க. கணக்கு சரின்னா அந்த ஆர்டரோட கதை முடியட்டும். மூணு: சிங்கப்பூர், பிரிட்டன் மாதிரி கையிருப்புக்கு ஒரு கீழ்வரம்பு.

இதுல அரசாங்கத்துக்குப் போற வருமானம் ஒண்ணும் பெருசில்லை. பூஜ்யத்துல வர்ற பணம்தானே இது.

நண்பருக்கு போன்ல இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அடேங்கப்பா, மூடுறதுக்கு பதிலா ஓட்டிக்கிட்டே இருக்கலாம் போலருக்கே"ன்னார். சிரிச்சோம். ஆனா அப்புறம் யோசிச்சா சிரிப்பு வரலை. நட்டத்துல ஓடுற எத்தனையோ சின்னக் கடைங்க, மூடத் தெரியாமலும் மூட பயந்தும்தான் மாசாமாசம் பூஜ்யம் போட்டுக்கிட்டு கிடக்குதோ என்னவோ.

நண்பர் நேத்து ரெக்-16 போட்டுட்டார். கெடு தேதியை என் வீட்டுக் காலண்டர்லயும் எழுதி வெச்சிருக்கேன்.

பி.கு: மெஷின் இன்னும் பின்கட்டுலதான் இருக்கு. எடைக்குப் போட மனசு வரலை. யாருக்காவது வேணும்னா பின்னூட்டத்துல சொல்லுங்க. பில் கிடையாது :-)